அமுங்காத ரெண்டாம் நம்பர்

பாறசாலைக்குப் பக்கத்தில் தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் ஒரு பாலியேட்டிவ் மையத்துக்கு டெலிபோன் அமைப்பு போட்டுக் கொடுத்தவன் நான். மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்று சொல்லி, அழைப்பவரை நர்சுகளின் மேசைக்கு அனுப்பும் மென்பொருள் அது. தமிழ்க் குரல் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மென்பொருளை எந்தெந்த சர்வரில் போடலாம் என்று கம்பெனி ஒரு பட்டியல் தந்திருந்தது. மையத்தில் இருந்த பழைய சர்வர் அதில் இல்லை. அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே நோயாளிகளின் பதிவேடு, தனிக் கணினி போலவே ஓடும் ஒரு மெய்நிகர் கணினியாகவும், கேமரா பதிவுகள் இன்னொன்றாகவும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதாக இதையும் ஏற்றினேன். இந்த சர்வருக்கு எங்கள் ஆதரவு கிடையாது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. எனக்குத் தெரியாததா என்ற திமிரில் மேலே போனேன். பொறுப்பு சிஸ்டர், "பழைய பெட்டியாச்சே, இதில ஓடுமா?" என்று கேட்டார். "கம்பெனி சொன்ன மாதிரிதான் போட்டிருக்கேன், சிஸ்டர்" என்றேன். வாய் கூசவில்லை.

ஒரு மழைநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. பத்தரை மணிக்கு சிஸ்டர் தன் மொபைலிலிருந்து கூப்பிட்டார். விடிந்ததிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டும் முதலில் எழுந்து மெமரியைப் பிடித்துக்கொண்டதால் டெலிபோன் மென்பொருள் பாதியில் நின்றிருந்தது. வரவேற்புக் குரல் மட்டும் கேட்டது, எண்ணை அழுத்தினால் சத்தமே இல்லை. கம்பெனியைக் கூப்பிட்டேன். எந்த சர்வர் என்று கேட்டார்கள். சொன்னதும், அதற்கு உதவ முடியாது என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். கேமராவை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன், ஓடியது.

அப்போதுதான் பக்கத்து ஊரான கொல்லயிலிலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். புற்றுநோயில் படுத்திருக்கும் மனைவிக்கு வலி தாங்கவில்லை, நர்ஸ் உடனே வர வேண்டும் என்றார். சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டே, எப்போதிருந்து வலி என்று கேட்டார்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "காலம்பற இருந்து விளிக்கேன், சாறே. இதில ரெண்டாம் நம்பர் சரியா அமுங்காது. என் தப்பாக்கும்."

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் அந்த போனை வாங்கி, இரண்டாம் பட்டனை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் அமுங்கியது.

"புது போன் ஒண்ணு வாங்குங்க, அண்ணே" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிஸ்டருக்குப் பின்னால் ஆட்டோவில் ஏறினார். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான்.

அந்த வாரமே பட்டியலில் உள்ள ஒரு சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் அங்கே இருந்தபோது அவர் மாத்திரை வாங்க வந்தார். என்னைக் கண்டதும் புது போனை எடுத்து, மையத்தின் எண்ணைப் போட்டு இரண்டை அமுக்கினார். மேசையில் மணி அடித்தது.

"நீ சொன்னது சரியாக்கும், மக்கா" என்றார். "அந்தப் பாழாப்போன போனால அண்ணைக்கு அவ நாலு மணிக்கூர் கெடந்து துடிச்சா."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.