காலையில் வராத கியர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பொருள்கள் மேல்தான் பாயும். சரியாக எரியாத ஸ்டவ், மூடாத ஜன்னல், திறக்காத பேனா என்று கையில் கிடைத்ததையெல்லாம் திட்டித் தீர்ப்பேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் முழுக்க என்னிடம் திட்டு வாங்கியது ஒரு சைக்கிள். அந்தத் திட்டில் பாதி என் வலது கைக்குச் சேர வேண்டியது.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர். வீடு ஓமந்தூர் பக்கம். காலை ஆறு மணி பேட்ச் என்னுடையது. அரசாங்கப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பேட்சில்தான் இருந்தார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

அது சாதாரண சைக்கிள் இல்லை. என் மனைவியின் அண்ணன் பாண்டிச்சேரியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுவிட்டுப் போன பந்தய சைக்கிள் அது. ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். பின்சக்கரத்தில் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள். கியர் லிவரை இழுத்தால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும், மிதிப்பது லேசாகிவிடும். ஏரிக்கரை மேட்டில் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்போது நான் உட்கார்ந்தபடியே ஏறுவேன். திமிராகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஆவணியில் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது நான்கு விரல்கள் சொன்னபடி கேட்டன. கட்டைவிரல் மட்டும் கேட்கவில்லை. விழுப்புரத்து டாக்டர் அதைப் பிடித்து மடக்கிப் பார்த்தார்.

"நரம்புல அடி பட்டிருக்கு. தை மாசம் வரைக்கும் டைப் அடிக்காதீங்க, பாக்கலாம். அதுக்குள்ள பலம் வந்தா வந்ததுதான்."

"வரலேன்னா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். டைப் அடிப்பவனுக்கு வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுவதே வலது கட்டைவிரல்தான். அது போனால் மாஸ்டர் வேலை போச்சு. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

குனிந்து மணிக்கட்டில் பாரம் போடக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஹேண்டிலை மாற்ற வேண்டியதாயிற்று. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. பாண்டிச்சேரி சைக்கிள்களைப் பார்த்துப் பழகிய கடை அது ஒன்றுதான். கடைக்காரர் கொம்பு ஹேண்டிலைக் கழற்றிவிட்டுச் சாதா ஹேண்டில் போட்டார். கியர் லிவர் முன்பு கீழே சைக்கிள் பாரில் இருந்தது. குனியாமல் இருக்க அதையும் ஹேண்டிலுக்கு ஏற்றச் சொன்னேன். "வலது பக்கம் வையுங்க, கட்டைவிரலால தள்ற மாதிரி" என்றேன். விரலுக்கு அதுவே வைத்தியமாகட்டும் என்று எண்ணம். முன்பு லிவர் இழுக்கிற கேபிள் பெரும்பாலும் திறந்தபடியே ஓடியது. இப்போது லிவரிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் நீளமான உறைக்குள் வளைந்து வளைந்து போனது.

"உள்ள காயாம பாத்துக்கங்க மாஸ்டர். அப்பப்ப ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டுக்கினே இருங்க" என்றார்.

எங்கள் வீட்டில் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், சமையலுக்கு. தேங்காய் எண்ணெய் மற்ற எல்லாவற்றுக்கும். தலைக்கு, பூட்டுக்கு, கதவுக் கீலுக்கு. தினமும் சாயங்காலம் என் மனைவி என் கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். அதே கிண்ணத்திலிருந்து சைக்கிளுக்கும் நாலு சொட்டு விடுவோம்.

கார்த்திகை நன்றாகப் போனது. லிவர் கட்டைவிரலுக்கு வழிவிட்டது. "பாத்தீங்களா, வருது" என்றாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. மார்கழி பிறந்தது, அவ்வளவுதான். ஒருநாள் விடியற்காலையில் ஏரிக்கரை மேட்டுக்கு முன்னால் லிவரைத் தள்ளினேன். நகரவில்லை. உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். கட்டைவிரல் அடியில் வலித்ததே தவிர லிவர் அசையவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், மத்தியானம் வீடு திரும்பும்போது லிவர் வழவழவென்று நகரும். காலையில் செத்த விரல் மத்தியானம் பிழைத்துக்கொள்ளும். எனக்கு மண்டை காய்ந்தது. சைக்கிளா, கையா? கை என்றால் சாப்பிடுகிறேனே, சட்டை பட்டன் போடுகிறேனே. சைக்கிள் என்றால் மத்தியானம் எப்படி வருகிறது?

சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனேன். விக்கிரவாண்டி தாண்டும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது. கடைக்காரர் ஒரே விரலால் லிவரைத் தள்ளினார். சரக்கென்று செயின் ஏறியது. எதிர்ப்பக்கம் தள்ளினார். இறங்கியது.

"இன்னா மாஸ்டர், நல்லாத்தானே கீது?"

"காலையில வர்றதில்லைங்க."

"காலைல வராது, மத்தியானம் வருமா? கியருக்கு இன்னா டூட்டி டைமா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஜல்தி சரியாயிடும் மாஸ்டர்" என்றார். அந்தச் சிரிப்பே பரவாயில்லை போலிருந்தது.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனேன். காலையில் மட்டும் பலம் இல்லை என்றேன். "குளிர்ல நரம்பு விறைச்சுக்கும், சகஜம்" என்றார். கார்த்திகையில் வந்த பலம் ஏன் போனது என்று கேட்டேன். "சிலருக்கு அப்படித்தான்" என்றார். அந்தச் 'சிலர்' என்ன ஆனார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என் பக்கம் யாரும் வர முடியாது. என் மனைவி சைக்கிளை வாசலுக்குத் தள்ளிவந்தால்கூட, "வையி, நான் எடுத்துக்கறேன்" என்று கத்துவேன். அவள் விடமாட்டாள். "ஏங்க, இந்நேரத்துக்கு சூரியனே எந்திரிக்கல. உங்க வெரல் மட்டும் எந்திரிச்சிடுமா? போகப் போக வந்துடும்" என்பாள். தினம் ஒரு சமாதானம் வைத்திருப்பாள்.

ஒரு நாள் ராத்திரி தூறல். சைக்கிள் நனையாமல் இருக்க அவள் அதை உள்ளே தள்ளி, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். விடியற்காலையில் வெந்நீர் காய்ந்தது. குளித்துவிட்டுக் கிளம்பினேன். மேட்டில் லிவர் பூ மாதிரி நகர்ந்தது! நடு ரோட்டில் "ஆங்!" என்று கத்தினேன். அன்று வகுப்பில் ஒருவரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "வந்துடுச்சு, விடியக்காலமே வந்துடுச்சு" என்றேன். சாயங்காலம் கேசரி கிளறினாள்.

மறுநாள் சைக்கிள் பழையபடி வாசல் பக்கம் நின்றது. லிவரும் பழையபடி நின்றது. ஓங்கி ஓர் உதை விட்டேன். சைக்கிள் விழுந்தது. கால்தான் வீங்கியது.

அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும் என்கிற கையை நம்பிப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பக்கூடாது. தை பிறப்பதற்குள் இன்ஸ்டிட்யூட் முதலாளியிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட வேண்டும். மார்கழி கடைசியில் ஒரு விடியற்காலை அதைச் சொல்லவே கிளம்பினேன். வாசலில் அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளை நிறுத்தி, கடைசியாக ஒரு தரம் லிவரைத் தள்ளினேன். நகரவில்லை.

"இன்னிக்கு சொல்லிடறேன்" என்றேன்.

"இன்னான்னு?"

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லி. கை அவ்ளோதான்."

அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "சும்மா காத்தால காத்தால இதே பேஜாரு! இஸ்துக்கினு நிக்கறீங்களே, அப்படி இன்னா பெரிய கல்லா இது? இங்க குடுங்க!" கோலமாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து லிவரில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினாள்.

நகரவில்லை.

"இன்னாங்க இது?" என்றாள். மறுபடி தள்ளினாள். கட்டைவிரல் நுனி வெளுத்தது. என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். "நடிக்காதே" என்றேன்.

"அட, எனக்கே வரலங்க!" இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். லிவர் மெல்ல முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது.

நாள் முழுக்க தண்ணீர் சேந்துகிற கை அவளுடையது. அந்தக் கைக்கே வரவில்லை. எனக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பைத்தியம் மாதிரி ஓடிப்போய் ஸ்பானரை எடுத்துவந்து, பின்னால் கேபிளைக் கழற்றி, உறையிலிருந்து உருவினேன். வெள்ளை வெளேரென்று நெய் மாதிரி அப்பிக்கொண்டு வந்தது.

அவள் விரலில் தொட்டு முகர்ந்தாள். "தேங்காண்ணெ. உறைஞ்சி போய்க் கீது." மார்கழி பிறந்தால் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கித்தான் என் கைக்கே போடுவாள். இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

"கை இல்லைடீ" என்றேன். "சைக்கிள். சைக்கிள்தான்." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் பாதிக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கை போயிடுச்சின்னே நெனச்சிட்டேங்க" என்றாள். "வந்துடும் வந்துடும்னு சும்மா சொல்லிக்கினு இருந்தேன். எங்க அண்ணன்கிட்ட எனக்கு ஒரு வேலை பாக்கச் சொல்லிட்டு வந்துட்டேன். உங்களுக்குத் தெரியாம." வாய்விட்டு அழுதாள்.

அவளைத் தூக்கிவிட வலது கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் பாரம் முழுவதையும் அதில் போட்டு எழுந்தாள். நல்ல கனம். கை தாங்கியது.