பன்னிரண்டாவது முக்காலி

பெரிய வியாழக்கிழமை மத்தியானம் கோவிலுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது ரொட்டி வாசனைதான். சேலத்திலிருந்து பஸ்ஸில் எடப்பாடி வந்து, அங்கிருந்து, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரின் தலைமேல் கூடையில் எங்கள் ஊர் வந்து சேரும் உருண்டை ரொட்டிகள், பீடத்தை ஒட்டிய அறையில் வெள்ளைத் துணி போர்த்தி இருக்கும். சாம்பிராணிப் புகையையும், காயத் தொடங்கிய குருத்தோலைகளின் வாசனையையும் தள்ளிக்கொண்டு அது வெளியே வரும். கம்பையும் சோளத்தையும் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு, சேசுநாதர் பாடுபட்ட வாரத்தின் வாசனையே அதுதான் என்று நெடுநாள் எண்ணம்.

அன்று வெயில் தாழ்ந்ததும் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். சேசுநாதர் பிடிபடுவதற்கு முன், கடைசி விருந்தின்போது தம் சீடர்களின் காலைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து எங்கள் பிரஞ்சுச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அவர்கள் பீடத்துக்கு முன்னால் முக்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு ரொட்டி. எந்தப் புத்தகத்திலும் எழுதியிராவிட்டாலும் முதல் முக்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது, கடைசி முக்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் முக்காலியில் வருஷம் தவறாமல் உட்காருபவர் சொந்தத்தில் தறிகள் வைத்திருந்த அந்தோணி. அவர் மகன் சவரிமுத்து என் வகுப்பு, என் பலகை. எங்கள் ‘ஐயன்’ – எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம் – பிறத்தியார் தோட்டத்தில் ‘கவலை’ ஓட்டுகிறவர். மாடு பூட்டித் தோல் சாலில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். சவரியைவிட நன்றாகவே படித்தேன்; வாய்ப்பாடு அவனுக்கு என் வாயைப் பார்த்துத்தான் வரும். ஆனால் சேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அவன் ரொட்டியைப் பற்றி ஆரம்பித்து விடுவான்.

“உள்ள பஞ்சுடா. வெரல வெச்சா அமுங்கும், எடுத்தா எந்திரிச்சுக்கும். நாக்குல பட்டாப் போதும், பாலாடையாட்டம் கரைஞ்சே போயிரும்.”

“எனக்குத் துளி கொண்டாந்திருக்கலாமல்லடா?”

“எங்க மிஞ்சுது? எங்கூட்டுக்கே பத்துலே.”

எனக்கு வயிறு எரியும். பசியில் எரிவது வேறு, இது வேறு. போதாததற்கு லத்தீன் பதில்கள் அவனுக்கு மனப்பாடம் என்று சாமியார் அவனையே பூசைக்கு உதவ வைத்துக்கொண்டார். பாதம் கழுவும்போது செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பவனும் அவனே. சிவப்பு அங்கியில் அவன் முழந்தாளிடுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று, கும்பிட வேண்டிய நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசி முக்காலியில் உட்கார்ந்து வந்தவர் கண் தெரியாத மிக்கேல் அப்பாரு. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. “யூதாசு வந்தா வாரான். ஒத்தையில கெடக்கற எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆச்சு” என்று சிரிப்பார். நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம் அறுப்புக் காலத்தில் அவர் காலமானார். பாஸ்குக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் உபதேசியார் அந்த ஓரிடத்துக்கு ஆள் தேடி வீடு வீடாக நடந்தார்.

“பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துட்டிருக்கறமுங்க, இப்பப் போயி…” என்றார் ஒருவர். “மொத முக்காலின்னாச் சொல்லுங்க, இப்பவே குளிச்சுட்டு வாரேன்” என்றார் இன்னொருவர். “பேசாம பதினொரு பேரோட நிறுத்திக்கலாமுங்களே, யூதாசுதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டானே” என்று வழி சொன்னவரும் உண்டு. சாமியார் ஒப்பவில்லை. சேசுநாதர் அவன் காலையும் கழுவித்தான் அனுப்பினார் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் உபதேசியார் கிணற்று மேட்டுக்கு வந்தார். அன்று ஐயனுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்த நான் பக்கத்திலேயே இருந்தேன். ஐயன் யூதாசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் காலைத்தான் காட்டினார். “இதப் பாருங்க உபதேசியாரே. சேத்துலயே கெடந்து வெடிச்ச காலு. இதைப் போயிச் சாமி வாயில வெக்கறதாவது!”

உபதேசியார் போனபின் நான் ஐயனைப் பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து மாட்டை அவிழ்க்கும் வரைக்கும் விடவில்லை.

“ஏங்கண்ணு, ஒரு ரொட்டிக்கா இந்தப் பாடு?”

“ரொட்டிக்கில்லீங்க ஐயா. சவரியோட ஐயன் காலைக் கழுவறாங்க. உங்க காலை மட்டும் ஏன் கழுவப்படாது?”

பாதிக்கு மேல் ரொட்டிக்குத்தான். ஆனால் மீதிப் பாதி மெய். ஐயன் மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னே நடந்தார். மறுநாள் உபதேசியாரைத் தேடிப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள்: “ஏனுங்க, ஊருல ஒருத்தருக்கும் ஆகாத எடம் நமக்கு மட்டும் ஆகுமாக்கும்? நாளைக்கு உங்க தங்கச்சியக் கேட்டு வாரவங்க, யூதாசு ஊட்டுப் பொண்ணான்னு கேட்டா என்ற மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?” ஐயன் செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். விளக்கெண்ணெயும் போட்டுப் பார்த்தார். வெடிப்பிலிருந்த செம்மண் அசையவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் கண்ணை மூடவில்லை. முதல் முக்காலியில் அந்தோணி, ஏற்கெனவே வீட்டில் கழுவித் துடைத்த காலை நீட்டினார். வரிசை நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்தது. சவரி செம்பைச் சாய்த்தான். ஐயன் காலில் விழுந்த தண்ணீர் சிவப்பாகத் தாம்பாளத்தில் இறங்கியது. சாமியார் துண்டை எடுத்ததும் ஐயன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“வேண்டாஞ் சாமி. துண்டு அழுக்காயிரும்.”

“துண்டு அதற்குத்தான் இருக்கிறது” என்றார் சாமியார், தம் எழுத்துத் தமிழில். எனக்குப் பின்னால் யாரோ, “அட, சேசுநாதரு காலக் கழுவ வந்தப்ப வேண்டாம்னு சொன்னது இராயப்பரல்ல? இங்க கடைசி முக்காலி சொல்லுது!” என்று கிசுகிசுத்தார். சாமியார் காலைப் பிடித்து, வெடிப்பு வெடிப்பாகத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். நான் சவரியின் முகத்தைப் பார்த்தேன். அவன் பார்வை ஐயன் காலில் இல்லை, என் மேலும் இல்லை. ரொட்டிக் கூடையில் இருந்தது.

ஐயன் ரொட்டியை மேல்துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதை என் கையில் படவிடவில்லை. அன்றைய பிரசங்கத்தில் உபதேசியார், சேசுநாதர் அப்பத்துண்டைத் தோய்த்து யூதாசுக்குக் கொடுத்ததையும், அதை வாங்கியதும் சைத்தான் அவனுக்குள் புகுந்ததையும் விலாவாரியாகச் சொல்லியிருந்தார். கடைசி முக்காலிக்குக் கிடைத்த ரொட்டி அந்தத் துண்டுக்குச் சமம் என்று அம்மா கண்டுகொண்டாள். “மாட்டுக்குங்கூட வெக்கக் கூடாது” என்று சொல்லி, எட்டாத உயரத்தில் உறியில் தொங்கவிட்டாள். நான் அழுதுபார்த்தேன். இந்நேரம் சவரி வீட்டில் ரொட்டியைப் பிய்த்திருப்பார்கள், அவன் நாக்கில் அது கரைந்துகொண்டிருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. மணிகளின் நாக்கைக் கட்டிவிடுவதால் கோவிலில் மரக்கட்டைதான் தட்டுவார்கள். அதைத் தட்டியவனும் சவரிதான். உபதேசியார் பாடுகளின் வரலாற்றை வாசித்தார். யூதாஸ் கிட்ட வந்து முத்தமிட்ட இடம் வந்ததும், யாரும் சொல்லாமலே ஊரின் தலைகள் எல்லாம் எங்கள் ஐயன் பக்கம் திரும்பின. அவர் சிலுவையைப் பார்த்தது பார்த்தபடி நின்றார். அந்தத் தலைகளில் அந்தோணியின் தலையும் ஒன்று. அன்று முழுவதும் சேசுநாதருக்காக அழுத கூட்டத்தில் நான் எதற்காக அழுதேன் என்பதை இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை பூசையில் மணிகள் மறுபடி ஒலித்து ஒருசந்தி நோன்பு முடிந்தபின், சவரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். “உன்ற ரொட்டியத் தின்னுட்டியாடா?” என்றான். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தினான். “எனக்குத் துளி குடுடா.”

“உங்கூட்டு ரொட்டி?”

“அது எங்க எங்களுக்கு? சேலத்துல நூல் குடுக்கற மொதலாளி ஊட்டுக்கு வருசா வருசம் எங்கய்யன் கொண்டுபோயிக் குடுத்துருவாரு. நா மோந்துதாண்டா பாத்திருக்கறேன்.”

பஞ்சு, பாலாடை எல்லாம் பொய். இத்தனை வருஷம் நான் வயிறெரிந்தது, அவனும் தின்னாத ஒன்றுக்காக. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. ஏமாந்தேனே என்ற கோபம்தான் வந்தது. “உனக்கென்னடா, உங்கய்யன் ஊட்டுக்கே கொண்டாந்துட்டாரு” என்று அவன் பெருமூச்சு விட்டபோதுதான், என்னைப் பார்த்தும் ஒருவன் வயிறெரிய முடியும் என்று எனக்குத் தெரிந்தது.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஐயன் எழுந்து உறியில் கைவிட்டு ரொட்டியை எடுத்தார். அம்மா ஓடிவந்தாள். “அட இரு புள்ள. சைத்தான் மொதல்ல என்கிட்டயே வரட்டும். கவலைக்கு ஒரு ஆளு கொறையுது” என்று, ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் மீதியைப் பிய்த்தார். இரண்டு நாள் காய்ந்த ரொட்டி, ஓடுபோல் உடைந்தது. பெரிய துண்டைச் சவரியிடம் கொடுத்தார். “நம்மூட்டுக்கு வந்த பையன்” என்றார்.

சவரி கண்ணை மூடிக்கொண்டு தின்றான். எனக்கு அது வெறும் மரத்தூள். அவன் கையிலிருந்த பெரிய துண்டைப் பார்த்துக்கொண்டே தின்றதால் அப்படி இருந்ததோ என்னவோ. எங்கள் ஐயன், எங்கள் ரொட்டி, அதிலும் பெரியது அவனுக்கு.

இவையெல்லாம் இன்று இல்லை. உலகச் சண்டையும் ரேஷனும் வந்ததோடு ரொட்டி நின்றது. முக்காலிகள் போய்ப் பள்ளிக்கூடத்து நீள பெஞ்சுகள் வந்தன; யூதாசின் இடம் எந்தக் கோடி என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் யாரும் மறுப்பதுமில்லை. நான் சேலத்தில் வாத்தியாராக இருக்கிறேன். சவரிமுத்து குருப்பட்டம் பெற்று, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோவில்களுக்கே உதவிச் சாமியாராக வந்தான். நாலு பேர் முன்னால் நானும் அவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் ஐயன் படுத்தார். தந்தி கிடைத்து நான் கிளம்பி, பாலத்தில் வெள்ளம் ஏறி பஸ் நின்று, நடந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலைச் சவரிதான் செய்தான். கண்ணில், காதில், கையில் பூசி, கடைசியாகக் காலில் பூசுவது முறை. அடக்கம் முடிந்தபின் அவன் என்னைத் தனியே கூட்டிப்போனான்.

“கண்ணு மங்கிப்போச்சுடா அவருக்கு. காலத் தொட்டதும், ‘வந்துட்டியா கண்ணு’ன்னாரு. உன்னையத்தான் நெனச்சிருக்கறாரு. எனக்கு இல்லைன்னு சொல்ல மனசு வல்லே. ‘வந்துட்டேனுங்க ஐயா’ன்னுட்டேன். அப்பறம் அவரு பேசலே.”

நல்ல காரியம் செய்தாய் என்றேன். உண்மையிலேயே நல்ல காரியம்தான். பெற்ற பிள்ளை வந்துவிட்டான் என்று நினைத்தபடி ஐயன் போனார். ஆனால் அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. அதை அவன் சொல்லிவிட்டான். பூசையில் அவன் பீடத்தை விட்டுத் திரும்பி ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம், எல்லாரும் தலை குனிகிறார்கள். நான் மட்டும் ஐயன் காலைத் தொட்ட அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.