பழுப்பு அட்டைக்குள் பழைய பதிப்பு

என் தம்பியின் வலது ஆள்காட்டி விரலை ஒடித்தவன் நான். சொத்துத் தகராறு, பெண் தகராறு என்று ஏதாவது காரணம் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது முடியும். நான் ஒடித்தது ஓர் அரக்கர் புத்தகத்துக்காக. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்த எலும்பு முறிந்த சத்தத்தை அவர்கள் கேட்கவில்லை.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறுதோறும் காலை இட்லி முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். நான், தம்பி, மேல்வீட்டுப் பஞ்சாபித் தம்பதி என்று நாலு பேர். நான் கதை சொல்வேன். காடு, கோட்டை, அரக்கர்கள் எல்லாம் என் கையில். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வீரனின் பலம், காயம், ஆயுதம் எல்லாம் ஒரே ஒரு காகிதத்தில் இருக்கும். யார் யாரை வெட்டினார்கள் என்பதை டைஸ் சொல்லும். இதற்கு ஒரு ரூல்புக் வேண்டும், அரக்கர்களுக்கென்று ஒரு மான்ஸ்டர் புக் வேண்டும். அதற்கு மேல் கடலுக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, மந்திரத்துக்கு ஒன்று என்று சப்ளிமெண்ட் வந்துகொண்டே இருக்கும். எதை வாங்குவது, எதை விடுவது என்பதுதான் எங்கள் வீட்டின் நிரந்தரச் சண்டை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாரம் முழுக்க பேங்க் கவுண்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைகளை உருட்டுவேன். சும்மா “அடிபட்டாய்” என்று சொல்லி விட்டுவிட மாட்டேன். ஈட்டி எந்த விலாவில் இறங்கியது, இழுத்தபோது கூடவே என்ன வந்தது என்பதுவரை சொல்வேன். மேல்வீட்டுப் பெண் காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அதில் ஒரு ருசி இருந்தது, மறைக்க மாட்டேன்.

தம்பிக்கு வயது இருபத்தைந்து. துணை ராணுவப் படை ஒன்றில் அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்து, ஓட்டமும் முடித்து, மெடிக்கல் மட்டும் பாக்கி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா தினமும் பாதாம் ஊறப்போட்டுக் கொடுத்தாள். அவன் தும்மினால்கூட நானும் அம்மாவும் திரும்பிப் பார்த்தோம்.

முந்தைய வருடம் ரூல்புக்கின் புதிய பதிப்பை வாங்கியிருந்தோம். அதில் வீரர்கள் எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற உயிர்ப் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு ஏற்றபடி புதிய மான்ஸ்டர் புக்கில் அரக்கர்களின் அடியையும் குறைத்திருந்தார்கள். எங்களிடம் எந்த மான்ஸ்டர் புக்கும் இல்லை; ரூல்புக்கின் கடைசியில் இருந்த நாலைந்து அரக்கர்களை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். தம்பி விமர்சனங்களைப் படித்து, அரசாங்க ஃபைல் மாதிரி ஒரு பட்டியல் போட்டிருந்தான். முதலில் புதிய மான்ஸ்டர் புக். பிறகு, மனசிருந்தால், கடல் பயண சப்ளிமெண்ட். வேறு எதையும் தொடக்கூடாது.

“அண்ணா, எடிஷன் பாத்து வாங்கு. ரூல்புக் புதுசு, மான்ஸ்டர் புக் பழசுன்னா ஒரே அடியில காலி. சம்ஜா? புரிஞ்சுதா?”

“ஏன்டா, கதை சொல்றவன் நானா நீயா? எனக்கே பாடம் எடுக்கிறியா?”

ஒரு ஞாயிறு ஆட்டம் இல்லை; மெடிக்கலுக்கு உடம்பைக் கட்டாக வைத்திருக்க அவன் ஓடப் போனான். நான் டெல்லி கேட் எதிரே பழைய புத்தகச் சந்தைக்குப் போனேன். கிலோ கணக்கில் புத்தகம் கொட்டிக் கிடக்கும் அந்தத் தரையில், சமையல் குறிப்புகளுக்கும் பல் மருத்துவப் பாடநூல்களுக்கும் நடுவே அந்த மான்ஸ்டர் புக் கிடந்தது. தடித்த அட்டை. அதன்மேல் வாயைப் பிளந்த சிவப்பு அரக்கன். முதல் பக்கத்தைத் திறந்தேன். பழைய பதிப்பின் எண் அச்சடித்திருந்தது. நன்றாகப் பார்த்தேன். பார்க்காமல் ஏமாந்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேனே, அது பச்சைப் பொய். அவன் பட்டியல் போட்டு, அதன்படி நான் வாங்க வேண்டுமா என்ற வீம்புதான். அரக்கன் என்றால் அரக்கன், அவனுக்கு என்ன பதிப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டேன். அட்டையோடு முதல் பக்கத்தையும் சேர்த்து மடித்து, உள்பக்கம் கோந்து போட்டு ஒட்டினேன். “புது எடிஷன்தான்டா. செகண்ட் ஹேண்ட், கிழிஞ்சிரும்ல, அதான்” என்றேன். தம்பி என்னை நம்பினான். அண்ணன் சொன்னால் நம்புகிறவன்தான் அவன்.

மெடிக்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அந்த ஆட்டம் நடந்தது. மலைப் பாலத்தில் ஒரு பூதத்தை நிறுத்தினேன். தம்பியின் கோடரி வீரன் முன்னால் வந்தான். பள்ளியில் படிக்கும்போதே அவன் உருவாக்கிய வீரன் அது. எட்டு வருடம் எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு அந்தக் காகிதமே அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பரீட்சையில் தோற்ற நாளிலும் அவன் அந்தக் கோடரிக்காரனை எடுத்துக்கொண்டுதான் மேசைக்கு வந்தான்.

பூதத்தின் முதல் அடி தோளைப் பெயர்த்தது. நான் புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்தேன். மேல்வீட்டுக்காரர் புருவத்தைத் தூக்கினார். “அரே, இத்னா?” என்றார், இவ்வளவா என்று. இரண்டாவது அடியில் மார்புக்கூடு உள்ளே போனது. வாயில் ரத்தம் நுரைத்தது, பாலத்தின் பலகை சிவந்தது, கோடரி பள்ளத்தில் விழுந்தது என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இரண்டே அடி. எட்டு வருடம் முடிந்தது.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனின் காகிதத்தைக் கதை சொல்பவன்தான் நாலாகக் கிழித்து, ஆடியவன் கையில் கொடுக்க வேண்டும். உயிர்ப்பிக்கும் மந்திரம் எல்லாம் எங்களிடம் செல்லாது. நான் கிழித்தேன். மெதுவாகவே கிழித்தேன்.

தம்பி துண்டுகளை வாங்கவில்லை. “அந்தப் பக்கத்தைக் காட்டு” என்றான்.

“எதுக்குடா? செத்தவன் செத்தவன்தான்.”

“புக்கைக் குடுண்ணா.”

பிடுங்கினான். பூதத்தின் பக்கத்தில் வலது ஆள்காட்டி விரலை அடையாளமாகச் செருகிக்கொண்டு, இடது கையால் பழுப்பு அட்டையை உரித்தான். கோந்து விட்டு முதல் பக்கம் கிழிந்து எழுந்தது. படித்தான்.

“தெரிஞ்சே பண்ணியா? ஒட்டி வேற வச்சியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?”

திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் அழ வேண்டும். எனக்கு வெறி வந்தது. அறைந்தேன். அவன் தலையால் என் வாயில் மோதினான். பல் உதட்டைக் கிழித்தது. மேசை சரிந்து, டைஸ் எல்லாம் சோஃபாவுக்கு அடியில் ஓடின. “பஸ் கரோ! பஸ் கரோ!” என்று மேல்வீட்டுப் பெண் போதும் போதும் என்று கத்தினாள். இருவரும் தரையில் உருண்டோம். புத்தகத்தை அவன் விடவில்லை. நான் அதை இரண்டு கையாலும் பிடித்து, அட்டையின் மேல் முழங்காலை ஊன்றி, என் பலத்தையெல்லாம் திரட்டித் திருகினேன். விரல் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். ஆட்டத்தில் ஆயிரம் எலும்பை முறித்தவன், நிஜ எலும்பின் சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையோடு ஓடி வந்தாள். அவள் திருநெல்வேலியை விட்டு முப்பது வருடம் ஆகிறது. ஆத்திரம் வந்தால் அந்தப் பேச்சு அப்படியே வரும். “ஏலே பாவி, கைய ஒடிச்சுப்புட்டியேல! நாசமாப் போவ! அவன் என்ன செய்வான் இனி?” என்று சொல்லிச் சொல்லி என் முதுகில் போட்டாள். நான் நகரவில்லை. தம்பி விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அழவும் இல்லை.

கட்டோடு மெடிக்கலுக்குப் போனான். மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடு மூட்டு மடங்கவில்லை. துப்பாக்கியின் விசையை இழுக்க வேண்டிய விரல் அது. டாக்டர் மூன்று முறை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். மெட்ரோவில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்து, காகிதத்தை அம்மாவிடம் கொடுத்தான். என்னிடம் அன்றிலிருந்து பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவன் பட்டியலில் முதலில் இருந்த புதிய மான்ஸ்டர் புக்கை ஆர்டர் செய்து வரவழைத்தேன். அட்டை போடவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தேன். “கரெக்ட் எடிஷன்டா” என்றேன்.

அவன் முதல் பக்கத்தைத் திறந்தான். மடங்காத அந்த விரலைப் பதிப்பு எண்ணுக்கு அடியில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் தூக்கி, என் முகத்தில் ஓங்கி அடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் ஊற்றியது. என் கை தானாக உயர்ந்தது. இறக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருப்பி அடிக்காமல் நின்றேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள், வரவில்லை.

இன்னொரு அடி விழும் என்று காத்திருந்தேன். அவன் அட்டையில் பட்ட ரத்தத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.

“சண்டே மேல்வீட்டுல ஆடறோம். கதை நான்தான் சொல்றேன். புக்கை எடுத்துக்கறேன்” என்றான். கதவுவரை போய் நின்றான். “நீ வராத.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலைக்கு மேலே டைஸ் உருளும் சத்தம் கேட்கிறது. நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு உருட்டலையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.