முனுசாமி தடவிப் பார்த்த இரண்டு இத்தாலிக் கார்கள்

மலேசியாவில் பிறைத் தொழிற்பேட்டைக்குப் போய், அடிபட்டதை மறைத்த காரை யார் கண்டுபிடிப்பார் என்று எந்த லோரி டிரைவரைக் கேட்டாலும் முனுசாமி பட்டறைக்குத்தான் வழி காட்டுவான். வயது அறுபத்தேழு. பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறைக்கு நட்டு போல்ட்டுக் கழுவ வந்தவர், முப்பது வயதில் சொந்தப் பட்டறை போட்டார். பிள்ளைகள் மூன்று பேரையும் பட்டதாரி ஆக்கியது தன் சுத்தியல்தான் என்று நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லுவார். சொல்லட்டுமே! உழைத்து நிமிர்ந்தவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவர் கார் பார்க்கிற விதமே தனி. முதலில் விரல் முட்டியால் கதவில் ஒரு தட்டு. "டங்" என்றால் தகரம். "டொக்" என்றால் உள்ளே பட்டி. அதாவது நசுங்கிய இடத்தில் மாவு அப்பிச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்தது துணியில் சுற்றிய காந்தம். நல்ல தகரத்தில் அட்டைப் பூச்சி போல ஒட்டும், பட்டியில் வழுக்கி விழும். கடைசியாக சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து நுனியை மோந்து பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் அந்த நுனி மட்டும் சேற்று நாற்றத்தை விடாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும்போதுகூட, ஓரத்தில் நிற்கிற கார்களை ஒரு தட்டுத் தட்டாமல் போகமாட்டார். முருகன் பொறுத்துக்கொண்டார். கார்க்காரர்கள்தான் சில பேர் திட்டினார்கள்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஹாஜி முகம்மது சுல்தான், இருபது வருஷமாக அவரைக் கேட்காமல் ஒரு சக்கரம்கூட வாங்கியதில்லை. முதல் முதலில் ஹாஜி வாங்க நினைத்த வேனைத் தட்டிப் பார்த்து, "இது ஒரு காடி இல்லை, ரெண்டு காடி. பாதிப் பாதியா வெட்டி ஒட்டியிருக்கான்" என்றார் முனுசாமி. ஹாஜி விலகிக்கொண்டார். வேறொருவர் வாங்கினார். மூன்றே மாதத்தில் அந்த வேன் நட்ட நடு ரோட்டில் இடுப்பு முறிந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஹாஜிக்கு முனுசாமி வாக்குத்தான் வாக்கு.

அந்த ஹாஜிக்கு அறுபது வயதில் ஓர் ஆசை வந்தது. தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில், டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் வீட்டில் இரண்டு இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார்கள் விலைக்கு நின்றன. இரண்டும் பழையவை. ஆனால் உலகத்துக்கே எண்ணித்தான் செய்தது. சிவப்பு, முந்நூறு. மஞ்சள், இருநூறு. அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று எந்த ராஜா கேட்டாலும் கிடையாது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்ன முடிவு சொல்லணும். மத்தியானம் கோலாலம்பூர்லேர்ந்து வேற ஆள் பறந்து வரான். நீங்க எதைக் கை காட்டுறீங்களோ அதான் எனக்கு" என்றார் ஹாஜி.

முனுசாமி அதைப் பிறை முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னார், பெட்ரோல் நிலையத்தில் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னார். சம்பாதித்ததிலேயே அவர் பெரிதாக நினைத்தது, "முனுசாமி பார்த்துட்டாரா? அப்ப சரி" என்கிற அந்த ஒரு பேச்சைத்தான். வெள்ளிக்கிழமை அது நிலைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், டத்தோ வீட்டுக் கார்க் கொட்டகை கல்யாண மண்டபம் போல இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். விற்பனையைப் பார்த்துக்கொண்ட ஹஸ்ருல் முப்பது வயதுக்காரர். பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. பேச்சில் பாதித் தமிழ், மீதி மலாயும் இங்கிலீஷும். ஹாஜியோடு அவர் மனைவி சுலைஹாவும் வந்திருந்தார். அவருக்கு இந்த ஆசையே பிடிக்கவில்லை.

"ரெண்டு சீட்டு காடி! பேரப்பிள்ளைய எங்க உக்கார வைப்பீங்க? கூரையிலயா?" என்றார் சுலைஹா.

"கொஞ்சம் சும்மா இரு லா" என்றார் ஹாஜி.

ஹஸ்ருல் மூடியிருந்த துணிகளை உருவினார். முனுசாமி ஓர் அடி பின்னால் வைத்தார். ஐம்பத்தைந்து வருஷமாகக் கார்களோடு புழங்கிய மனிதர். கார் என்றால் பெட்டி, நாலு சக்கரம் என்றே இருந்தவர். இவை பெட்டியே இல்லை. மஞ்சள், பாயப் போகிற புலி தரையோடு தரையாகப் பதுங்கியது போலக் கிடந்தது. சிவப்பு, அலை ஒன்று எழும்பி உறைந்தது போல இருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

ஆனால் பெரிய ஆள் வாய் பிளந்து நிற்கலாமா? தொண்டையைச் செருமினார். மஞ்சள் காரின் கதவில் முட்டியால் தட்டினார்.

டொக்.

அவர் புருவம் ஏறியது. பின் பக்கம் தட்டினார். டொக். காந்தத்தை எடுத்து வைத்தார், வழுக்கி விழுந்தது. முன் மூடியில் வைத்தார், விழுந்தது. கூரையில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது.

"ஹாஜி! வாங்க போவோம்! இது காடியே இல்லை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் பட்டி! எங்கயோ விழுந்து அப்பளமாப் போனதை மாவால செஞ்சு வச்சிருக்கானுங்க! யாருகிட்ட? முனுசாமிகிட்டயா?"

கொட்டகையே அதிர்ந்தது. ஹஸ்ருல் முதலில் பயந்து, பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"அங்கிள், அது கார்பன் லா. கார்பன் ஃபைபர்."

"கார்பன்னா எனக்குத் தெரியும் தம்பி. மைவி காடி மூடியில ஒட்டுற கறுப்பு ஸ்டிக்கர். மீட்டர் கணக்குல விக்கிறான்."

"அது சும்மா ஸ்டிக்கர் அங்கிள். இது அசல்." ஹஸ்ருல் முன் மூடியைத் திறந்தார்.

உள் பக்கம் சாயம் இல்லை. கறுப்பு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய துணி! நெசவு கண்ணாடிக்குள் உறைந்தது போலப் பளபளத்தது. அந்த முழு மூடியை ஹஸ்ருல் இரண்டு விரலில் தூக்கிப் பிடித்திருந்தார். துணியால் செய்த கார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற துணி. அதில் ஒரு பொட்டு மாவு இல்லை.

"அண்ணே, உங்க காந்தம் செத்துப்போச்சா?" என்று கேட்டார் சுலைஹா.

முனுசாமியின் காது மடல் சுட்டது. சுலைஹாவின் கேலி பெரிசில்லை. ஹாஜி அவர் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே, அதுதான் நெஞ்சில் இறங்கியது. இருபது வருஷத்தில் அந்த மனிதர் அப்படிக் கண்ணைத் திருப்பியதே இல்லை.

"அண்ணே, வேணும்னா கேஎல்லேர்ந்து ஒரு எக்ஸ்பர்ட்டைக் கேப்போமா?" என்றார் ஹாஜி மெதுவாக.

"கேளுங்க. ஆனா எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்துட்டுக் கேளுங்க," என்றார் முனுசாமி. காந்தத்தைப் பைக்குள் போட்டார். "தம்பி, நான் கத்தினது தப்பு. நல்ல வண்டியைப் பட்டின்னு சொல்லிட்டேன். மனசில வச்சுக்காத. பழைய அட்டை ஒண்ணு கொடு, கீழ படுக்கணும்."

தப்பு என்கிற சொல் அவர் வாயில் வந்ததை அவர் சம்சாரம் கேட்டிருந்தால் காலண்டரில் குறித்து வைத்திருப்பார்.

அட்டையை விரித்துச் சிவப்புக் காரின் கீழே போனார். அது அலுமினியம். லோரிப் பெட்டிகளில் பார்த்த சரக்கு, அதில் காந்தம் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும். வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் காரின் பின் தோள்மேல் வைத்தார். வலது பக்கம் தடவினார். இடது பக்கம் தடவினார். மறுபடி வலது.

இரண்டும் ஒன்றில்லை! வளைவில் ஒரு நெல் பருமன் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்தது. இயந்திரம் அழுத்தியிருந்தால் இரண்டும் அச்சாக இருக்கும். அப்படியானால், எங்கோ இத்தாலியில் ஒரு மனிதன் சுத்தியலை எடுத்து, தட்டித் தட்டி, தடவித் தடவி, இந்த அலையை எழுப்பியிருக்கிறான். முனுசாமிக்கு மயிர் கூச்செறிந்தது. உலகத்தில் எவ்வளவு பெரிய தட்டுக்காரன் தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்! இவன் முன்னால் தான் மூன்றாம் வகுப்பு.

பின் பெட்டிக்குள் டார்ச் அடித்துத் தலையை விட்டார். அங்கே சாயம் மெல்லிசு. சுத்தியல் தடம் மீன் செதில் போல வரிசையாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, தன்னுடையதற்கு எதிர்ப்பக்கம். "இடக்கைக்காரன்டா நீ" என்று முணுமுணுத்தார். இடது மூலையில் டார்ச் நின்றது. பற்றவைத்த கோடு ஒன்று, மற்ற கோடுகளைவிடப் புதுசு. எறும்பு வரிசை போல நெருக்கமாக. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்த அலுமினியம் பிற்பாடு வைத்தது. ஆனால் அதன்மேலும் அதே செதில், அதே இடக்கைச் சாய்வு.

முனுசாமி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"சிவப்பு அடிபட்ட வண்டி" என்றார்.

"அங்கிள்! மறுபடியுமா?" என்றார் ஹஸ்ருல். "ஆக்சிடென்ட் ஃப்ரீன்னு எழுதியே கொடுத்திருக்காங்க."

"இடது பின் மூலை. அடி வாங்கியிருக்கு. இங்க சரி பண்ணலை. செஞ்ச கையே திரும்பச் செஞ்சிருக்கு. டத்தோவுக்குப் போன் அடி."

ஹஸ்ருல் அரைமனதோடு போனை ஒலிபெருக்கியில் போட்டார். கோலாலம்பூரில் இருந்த டத்தோ கிழவர் மலாயில் பேசினார். விஷயத்தைக் கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வாங்கிய இரண்டாம் வருஷம், சிங்கப்பூரில், கார் நிறுத்துமிடத்துத் தூணில் பின்னால் எடுக்கும்போது அவரே இடித்தது. வெட்கப்பட்டு யாருக்கும் சொல்லாமல் கப்பலில் இத்தாலிக்கே அனுப்பி, அதே தொழிற்சாலையில் சரி பண்ணினார். தாள் எல்லாம் இருக்கிறது, இன்றே அனுப்புவார். முப்பது வருஷமாக ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. யார் அந்த ஆள்?

"பிறை முனுசாமின்னு சொல்லு" என்றார் முனுசாமி.

ஹஸ்ருல் போனை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"அப்ப மஞ்சள்தானே அண்ணே?" என்றார் ஹாஜி. "சிவப்பு அடிபட்டதாச்சே."

"இல்லை ஹாஜி. சிவப்பை எடுங்க."

"அல்லாவே! அடிபட்ட காடியையா வாங்கச் சொல்றீங்க?"

"நீங்க வாங்கிப் பூட்டி வைக்கப் போறீங்களா, ஓட்டப் போறீங்களா?"

"ஓட்டத்தான். கடைக்கு, பள்ளிவாசலுக்கு."

"மஞ்சள் அதிசயம். என் வயசுக்கு இப்படி ஒண்ணைப் பாத்ததே போதும். ஆனா அதைப் படிக்க எனக்குத் தெரியலை. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேன். சூலியா தெருவில ஒரு மோட்டார்காரன் உரசினா, அந்தத் துணி கிழிஞ்சா, தைக்க ஆள் யாருன்னும் எனக்குத் தெரியாது. சிவப்பு வேற. அடி வாங்கி எழுந்து நிக்குது. மறுபடி நசுங்கினா தட்டி எடுக்கலாம்."

"யாரு தட்டுறது?" என்றார் சுலைஹா.

முனுசாமி சிவப்புக் காரைப் பார்த்தார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு அவர் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வரும். இன்று வரவில்லை.

"நான்தான் தங்கச்சி. அவன் அளவுக்கு வராது. ஆனா பக்கத்தில வரும். மலேசியாவில வேற எவனுக்கும் அதுவும் வராது."

சுலைஹா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, இன்னும் ஏன் நிக்கிறீங்க? ஜும்ஆவுக்கு நேரமாச்சு. சிவப்புக்குக் கையெழுத்துப் போடுங்க."

"உனக்குத்தான் பிடிக்காதே?"

"இப்பவும் பிடிக்கலை. ஆனா தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆம்பளை பார்த்த காடி. பயமில்லை."

ஹாஜி கையெழுத்துப் போட்டார். ஓட்டிப் பார்க்க ஹஸ்ருல் சாவியைக் கொடுத்தார். சுலைஹா கைப்பையிலிருந்து போனை எடுத்து, "நான் கிராப் டாக்சி புடிச்சு வரேன். அண்ணே, நீங்க ஏறுங்க" என்றார்.

முனுசாமி கால்சட்டையின் பின்பக்கத்தை இரண்டு தடவை தட்டிவிட்டு, குனிந்து, மடங்கி, ஒருவழியாக உள்ளே இறங்கினார். ஹாஜி சாவியைத் திருப்பினார். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டரும் ஒன்றாக வாயைத் திறந்தன. அந்தச் சத்தம் அவர் விலா எலும்புக்குள்ளே ஓடியது. தஞ்சோங் தோக்கோங் சாலையில் கடல் ஒரு பக்கமும் வீடுகள் ஒரு பக்கமும் பின்னால் பறந்தன.

"எப்படி அண்ணே?" என்று கத்தினார் ஹாஜி.

முனுசாமி கதவின் உள்பக்க அலுமினியத்தில் உள்ளங்கையை வைத்து, பள்ளிவாசல் வாசல் வரும் வரைக்கும் எடுக்காமல் இருந்தார்.