ஜரீனா கட்டாத காயில்

பள்ளியில் கணக்குப் பாடத்தில் தோற்ற என் தங்கை ஜரீனா, தொழிற்கல்லூரியில் மின்சாரப் பிரிவில் முதலாவதாக வந்தாள். பெண்களுக்கு உடை மாற்ற இடமே இல்லாத பட்டறையில் வேலை கேட்டு வாங்கினாள். வார்னிஷ் காய வைக்கும் அடுப்பு வலது கையைச் சுட்டு இரண்டு விரல்கள் மடங்காமல் போனபின், இடது கையால் செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகினாள்.

பட்டறை எங்கள் மாமா மகன் ஃபாரூக்குடையது. சிங்கப்பூரில் ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் இருந்தது. ஆலைகளில் எரிந்துபோன மோட்டார்களை வாங்கிப் புதுப்பித்து விற்பார்கள். மற்றவர்கள் கருகிய காயிலைக் கொளுத்தித்தான் எடுப்பார்கள். ஜரீனா வெட்டி உருவுவாள். புகை கிளம்பாது, இரும்பும் கெடாது. செம்பு உருக்கப் போகும். பழைய இரும்புக் கூட்டுக்குள் புதுக் காயில் ஏறும்.

"குப்பைக்குப் போறதைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றேன் காக்கா. நீங்க பஸ் ஓட்டுற மாதிரிதான்" என்று பஸ் ஓட்டுநரான அண்ணன் என்னிடம் சிரிப்பாள்.

விற்கும் ஒவ்வொரு மோட்டாரோடும் போகும் சான்றிதழில் காயில் கட்டியவர் என்று அவள் பெயர் இருக்கும்; கையெழுத்து மட்டும் ஃபாரூக்குடையது. பெருநாள்தோறும் சிராங்கூன் சாலை அருகே எங்கள் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிட வருவான். "உன்னைப் பார்ட்னரா போட்டதும் நீதான் சைன் பண்ணுவே" என்பான். அவளும் காத்திருந்தாள்.

பிறகு பெரிய கம்பெனிகள் புதுப்பித்த கருவிகளையே தேடி வாங்கத் தொடங்கின. சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று ஆண்டறிக்கையில் சொல்ல அது உதவியது. ஆர்டர் குவிந்தது, ஜரீனாவின் மேசைக்கு வரும் மோட்டார்கள் குறைந்தன. வெளிப் பட்டறைக்குக் கொடுப்பதாக ஃபாரூக் சொன்னான். நம்பினாள்.

ஒருநாள் விற்ற மோட்டார் ஒன்று எரிந்து திரும்பி வந்தது. காயில் கட்டியவர் ஜரீனா என்றது சான்றிதழ். திறந்து பார்த்தாள். இடக்கையால் அவள் போடும் முடிச்சு ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே இருந்தவை எல்லாம் இயந்திரம் போட்ட நேர் முடிச்சுகள். வெளி இரும்புக் கூடும் புதியது. மலிவான புது மோட்டாரில் பழைய பெயர்த்தகட்டை அடித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள்.

ஃபாரூக் மறுக்கவில்லை. "எல்லாரும் பழசைப் புதுசுன்னு விப்பாங்க. நான் புதுசைத்தானே கொடுத்தேன்? யாருக்கு என்ன நஷ்டம்லா?"

"பழைய மோட்டாரெல்லாம் எங்க மச்சான்?"

"எடைக்குப் போட்டாச்சு."

"என் பேரைப் போட்டிருக்கீங்க."

"உன் பேருக்குத்தான் மார்க்கெட். நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரங்க செக் பண்ண வர்றாங்க. நீ கட்டினதுதான்னு சைன் பண்ணு. இந்த வாரமே நீ பார்ட்னர்."

பேனாவை நீட்டினான். இத்தனை வருடம் அவள் எதிர்பார்த்த பேனா.

"மூடி வைங்க மச்சான், மை காஞ்சிடும்" என்றாள்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் முன் மோட்டாரைத் திறந்து வைத்து, இது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த ஒரு கம்பெனி விலகியது. ஃபாரூக்கின் பட்டறை இன்றும் நடக்கிறது. வாசலில் பச்சை இலை வரைந்த பலகை புதிதாகத் தொங்குகிறது. மாமா எங்களோடு பேசுவதில்லை. சொந்தத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஜரீனாவைத்தான் சொல்கிறார். பெருநாளன்று அவள் அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள்; யாரும் வரவில்லை.

கிளமெண்டிப் பக்கம் ஒரு கடையில் பாதியை வாடகைக்கு எடுத்தாள். மீ நூடுல்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பம்பு மோட்டார் முதலில் வந்தது. கட்டி, ஓட்டிச் சோதித்து, சான்றிதழில் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள்: 2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை.