பாட்டுக்குள் ஒரு ரொட்டி

ரிமால் குழுவின் புது ஆல்பம் வந்த வெள்ளிக்கிழமை, கசப்ளாங்காவில் எங்கள் பேட்டையில் மட்டும் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று வருடம் காத்திருந்தோம். ஐந்து பேரில் இரண்டு பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சமிருந்த மூன்று கிழவர்கள் ஒன்பது பாட்டுப் போட்டிருந்தார்கள். மூன்றாவது, எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய கடல் பாட்டு. பறை அதிர வேண்டிய இடத்தில் ஏதோ மிஷினை வைத்து டிக்கு டிக்கு என்று தட்டியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அன்று ஒரு போனைக்கூட உருப்படியாகத் திறக்கவில்லை.

மீலூத் அண்ணன் மட்டும் நல்லது, கெட்டது எதுவும் சொல்லவில்லை. நூல் மில்லில் முப்பது வருடம் சாயம் போட்டவர். தெருவில் ரிமால் பைத்தியம் முதலில் பிடித்தது அவருக்குத்தான். மகன் ரத்வானைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்ததே அந்தக் கடல் பாட்டை ஓடவிட்டுத்தான். அந்த ரத்வான் ஆறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயினுக்கு ரப்பர் படகில் போனான். போனவன் போனவன்தான். போன் இல்லை, சேதி இல்லை, பிணமும் இல்லை.

மனைவி எம்பார்க்கா பிசைந்து கொடுக்கும் மாவைத் தினமும் காலையில் தெருக்கோடிப் பொது அடுப்பில் கொடுத்துவிட்டு, ரொட்டி வெந்து வரும்வரை என் கடையில் உட்காருவது அவர் வழக்கம். சனிக்கிழமை வந்ததும் ஸ்டூலை என் பக்கம் இழுத்தார்.

"ஓமர், போன்ல இந்தப் பாட்டுக்குக் கீழே ஜனங்க என்னமோ எழுதுறாங்களாமே. படி."

"எதுக்குண்ணே? பாதிப்பேர் அழுறான், பாதிப்பேர் திட்டுறான்."

"என் பையன் உயிரோட இருந்தா இதைக் கேட்டிருப்பான். கேட்டா சும்மா இருப்பானா? அந்த வாய் சும்மா இருக்கிற வாயா?"

அவருக்கு எழுத்து தெரியாது. நான் படித்தேன். பாரிஸில் டாக்சி ஓட்டுகிற ஒருவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதானாம். மராகேஷ்காரன் ஒருவன், 'எங்கப்பா இதைக் கேக்காமலே செத்தார், புண்ணியவான்' என்று எழுதியிருந்தான். 'பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டுப் பாடினாங்களா?' என்று ஒருவன். 'அப்போ உங்கம்மாவைப் பாடச் சொல்லு' என்று அவனுக்குப் பதில். அதற்குக் கீழே நாற்பது பேர் கட்டிப் புரண்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டு, தலையை ஆட்டுவார். "இவன் இல்லை. அடுத்தது."

பதினோரு நாள் படித்தேன். நாலாயிரம் இருக்கும். தொண்டை கட்டிவிட்டது. பன்னிரண்டாம் நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், இல்லாத ஒன்றை இருப்பது மாதிரி படித்தேன்: "'பறை எங்கேய்யா போச்சு? எங்கப்பா கேட்டா உங்களைச் செருப்பால அடிப்பார்.'"

அண்ணன் கண்ணைத் திறந்தார். "பொய் சொல்றே. என் பையன்னா ரொட்டியைக் கேட்டிருப்பான்."

"எந்த ரொட்டிண்ணே?"

அப்போதுதான் சொன்னார். கடல் பாட்டு முதன்முதலாக ரேடியோவில் வந்த அன்று, ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். இரண்டாவது சரணம் முடிகிற நேரம் எம்பார்க்கா அண்ணிக்கு அடுப்பு ஞாபகம் வந்து, 'மீலூத்! ரொட்டி கருகுது, ஓடு!' என்று கத்திவிட்டார். அது அப்படியே டேப்பில் ஏறிவிட்டது.

"ஒரு வாரம் அவளோட பேசலை நான். ஆனா பையன் அந்த கேசட்டைக் கேட்டே வளர்ந்தானா, அதையும் பாட்டுன்னே நினைச்சுட்டான். ஒரு கல்யாணத்துல எல்லாரும் பாடுறப்போ இவன் மட்டும் 'ரொட்டி கருகுது'ன்னான். ஊரே சிரிச்சுது. விஷயம் தெரிஞ்ச பிறகும் விடலையே! அது இல்லாட்டி பாட்டு நொண்டுதும்பான்."

நான் வெட்கப்பட்டுப் போனேன். அதன் பிறகு பொய் படிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் அது வந்தது. எழுதியவன் சொந்தப் பேர் போடவில்லை, 'அல்மேரியாக்காரன்' என்று போட்டிருந்தான். அல்மேரியா ஸ்பெயினில் கடலோர ஊர். முதலில் என் கண்ணை நானே நம்பவில்லை. பிறகு சத்தமாகப் படித்தேன்.

"'மூணாவது பாட்டுல ரெண்டாவது சரணம் முடிஞ்சதும், மீலூத் ரொட்டி கருகுது ஓடுன்னு வரணுமே. அதை ஏன்டா வெட்டினீங்க, துரோகிங்களா?'"

கீழே ஒருவன், 'அது எந்தக் கடை விளம்பரம்டா?' என்று கேட்டிருந்தான்.

அண்ணன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டார். "அவன்தான்! எழுது ஓமர்! அம்மா நல்லா இருக்கான்னு எழுது! கோபம் எதுவும் இல்லைன்னு எழுது! இரு, நான் அவகிட்டே சொல்லிட்டு ஓடி வந்துடறேன்."

"பதில் வரட்டும்ணே. உக்காருங்க." எனக்கு எதுவோ சரியாகப் படவில்லை. ஆறு வருடம் ஒரு போன்கூடப் போடாதவன் இங்கே வந்தா ரொட்டிக்குச் சண்டை போடுவான்? ஆனாலும், 'ரத்வான், உன் அப்பா பக்கத்தில் இருக்கிறார்' என்று எழுதினேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"'ஹாஜி, நான் ரத்வான் இல்லை. ஸஹீர், குரீப்கா ஊர். படகுல ஒரு பையன்தான் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். பயம் தெரியாம இருக்க எல்லாரும் சேர்ந்து பாடினோம். ரொட்டி வர்ற இடத்துல மொத்தப் படகும் கத்தும். அது பாட்டுலயே இருக்குன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்...'"

நிறுத்தினேன்.

"படி," என்றார்.

"'ரெண்டாம் நாள் படகு கவிழ்ந்தது. பதினோரு பேர் கரை சேர்ந்தோம். அந்தப் பையன் சேரலை. தண்ணியில கொஞ்ச நேரம் அவன் பாடுறது கேட்டுது. மன்னிச்சுக்குங்க ஹாஜி.'"

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ரொட்டி வரைக்கும் பாடினானான்னு கேளு."

கேட்டேன். 'பாடினான்' என்று வந்தது. வேறொன்றும் இல்லை.

"ஓமர், நீயும் வா. என்னால அவகிட்டே தனியா சொல்ல முடியாது. கடைசியா அவன் வாயில இருந்தது அவ சொன்ன வார்த்தை."

கடையைப் பூட்டவும் தோன்றாமல் அவரோடு நடந்தேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அடுப்பைத் தாண்டிப் போனோம். அங்கிருந்து யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. எம்பார்க்கா அண்ணி கையில் துணியோடு வாசலிலேயே நின்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், பிறகு அண்ணனின் வெறுங்கையைப் பார்த்தார்.

"மீலூத், ரொட்டி எங்கே?" என்றார்.