நாற்பத்து மூன்றாம் நம்பர் இலை

எங்கள் குடும்பம் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அம்மா கிளம்புவதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடும் என்று அப்பா சொல்வார். ஆனால் அத்தனை கல்யாணங்களிலும் நாங்கள் தாமதமாகப் போனது யாருக்கும் நினைவில்லை. அவிநாசியில் நடந்த ஒரு கல்யாணத்தை மட்டும் எல்லாரும் நினைவு வைத்திருந்தார்கள். அந்தப் பழி என் தலையில் விழுந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனியின் முதலாளி அந்த வருடம் மெஷின் பார்த்துவர கப்பலேறிச் சீமைக்குப் போய் வந்திருந்தார். மெஷின் வருவதற்கு முன்னால் கதைகள் வந்து சேர்ந்தன. கப்பலில் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு நம்பராம், நாற்காலிக்கு ஒரு நம்பராம். மணி அடித்ததும் அவரவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டுமாம். முதல் நாள் முதலாளி தலைசுற்றலில் படுத்துக் கிடந்துவிட்டு அரைமணி தாமதமாகப் போயிருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து கும்பிடாத குறையாகச் சிரித்து, கதவைச் சாத்திவிட்டான். அன்று ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தாராம். வேறு ஆளாக இருந்தால் கப்பலுக்கே சாபம் விட்டிருப்பார்கள். முதலாளிக்கு அதன்மேல் பக்தி வந்துவிட்டது.

அவர் மகள் கல்யாணம் ஆவணியில் அவிநாசியில் நடந்தது. பந்தியைக் கப்பல் மாதிரியே நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களை நம்பர் போட்டு உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமா? வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து, சாப்பிட வாங்க வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்கள். எழுந்துவிட்டாலோ, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவர் எப்போது மோருக்கு வருவார் என்று கண்ணாலேயே அவசரப்படுத்துவார்கள். இதை எல்லாம் ஒழித்துக்கட்டப்போவதாக முதலாளி சொல்லிக்கொண்டு திரிந்தார். பனியன் பெட்டி செய்யும் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் கணக்குப்பிள்ளை சிவப்பு மையில் நம்பர் எழுதினார். பின்பக்கம் பெட்டியில் இருக்கும் படம் அப்படியே இருந்தது: பனியன் போட்ட ஒரு பயில்வானின் காலோ கையோ தலையோ, எது வாய்த்ததோ அது. பதினொன்றரைக்கு மணி அடிக்கும், கதவு சாத்தப்படும், அட்டை இல்லாதவருக்கு இலை இல்லை.

எங்களுக்கு நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு வரை. அப்பா, அம்மா, அத்தை, நான். இதில் நாற்பத்து மூன்றுக்காகத்தான் மற்ற மூன்றும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அதே கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். வயது இருபத்து நான்கு ஆகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் அவளைத் தவிர கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியே ஒரு வரன் கொண்டுவந்தார். அவிநாசிபாளையத்துப் பக்கம் புகையிலைக் காடு, கிணற்றில் மோட்டார், முதல் மனைவி தவறிப்போய் ஒரு வருடம், இரண்டு பிள்ளைகள். பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் ஊர் பேசும் என்று, பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் நால்வருக்கும் எங்களுக்கு எதிரே நம்பர் கொடுத்திருந்தார். சாப்பிட்டு எழுவதற்குள் பார்த்துக்கொள்ளலாம், பிடித்தால் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம்.

"எனக்கு வேண்டாங்க நங்கையா," என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மொதலாளி கொண்டாந்த சம்மந்தத்தை வேண்டாம்னு சொல்லீட்டு உங்கண்ணன் நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கத்திரி புடிக்கிறதாமா?" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, கல்யாணம் என்றதும் வேண்டாம் என்பதுதான் பெண்களுக்கு அழகு என்றாள். அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அட்டைகளை நான் வைத்திருப்பேன் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு ஒரு பொருளைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் அந்த நாலு அட்டைகளை நானூறு தடவை எண்ணியிருப்பேன். கல்யாணத்தன்று காலையில் வாசற்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டாள்.

"இங்க வா கண்ணு, ஜாக்கெட்ல கொக்கி பிஞ்சு தொங்குது பாரு."

கிளிப்பச்சை ஜாக்கெட், அன்றைக்குத்தான் புதிதாகப் போட்டிருந்தேன். கொக்கி பிய்ந்தது எனக்கே தெரியவில்லை. ஆடாமல் நிற்கச் சொல்லி, அட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பச்சை நூல் கோத்து நாலு தையல் போட்டாள். பிறகு அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் அம்மா தாம்பூலப் பையை என் இன்னொரு கையில் திணித்துவிட்டதால் எண்ண முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு எண்ணினேன். மூன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் என் முகம் எதையும் மறைக்காத முகம். அப்பா அட்டைகளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"எதுக்குப் போறமோ அதே இல்லியே!"

அந்த நேரம் பார்த்து ஒன்பதரை பஸ் வந்து நின்றது. அப்பா ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லீங்களா" என்று கேட்டுக்கொண்டே விசில் ஊதிவிட்டார். அடுத்த பஸ் பதினொரு மணிக்கு.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா என் தலையில் குட்டிக்கொண்டே வந்தாள். வீடு தலைகீழானது. பாய், பெட்டி, அரிசிப் பானை, என் புத்தகப் பை, ஒன்றும் பாக்கியில்லை. எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியது அத்தைதான். தன் தையல் டப்பாவைக்கூட நடுவீட்டில் கவிழ்த்தாள். ஊசியும் ஊக்கும் நூல் சிக்கும் உருண்டு ஓடின.

"இதுல எங்க அம்முணி வந்திருக்கப் போவுது," என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

"எதையும் உடக்கூடாதுங்கண்ணா," என்று சொல்லி, அத்தை பொறுமையாகச் சிக்கெடுத்து, நூல்களை ஒவ்வொன்றாக அட்டைத் துண்டுகளில் சுற்றி டப்பாவில் அடுக்கினாள். எங்கள் வீட்டில் நூல் சுற்றுவது பழைய பனியன் பெட்டி அட்டையில்தான். அவ்வளவு அவசரத்திலும் இவளுக்கு எப்படி இவ்வளவு நிதானம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா உள்ளே வருவதும் வாசலுக்குப் போவதும் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பதுமாக இருந்தார்.

அட்டை கிடைக்கவில்லை. மூன்று அட்டைகளோடு பதினொரு மணி பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸைப் போல மெதுவான ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோழிக்கூடை ஏறியது, ஒரு தாத்தா இறங்கினார், இறங்கியவர் குடையை மறந்துவிட்டுத் திரும்ப ஏறினார். அப்பா உட்காரவே இல்லை. அவர் நின்றுகொண்டு வந்தால் பஸ் சீக்கிரம் போகும் என்பது போல முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றார். நான் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினேன், பிறகு நூறிலிருந்து ஒன்றுக்கு வந்தேன். அத்தை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்ந்து சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தை அடைந்தபோது பன்னிரண்டு ஆகப் போகிறது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கம்பெனி வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"மணி அடிச்சாச்சுங்க மாஸ்டர். கதவு தெறக்கப்படாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காருங்க. அடுத்த பந்திக்கு உக்காருங்க."

"என்ற தங்கச்சிய மட்டுமாவது உள்ள உடுங்க."

"உட்டா என்னைய வெளிய அனுப்பீருவாருங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். உள்ளே நீள நீளமாக மேஜைகள். கம்பெனியின் கட்டிங் டேபிள்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மேலே வெளுத்த பனியன் துணியை விரித்திருந்தார்கள். துணி ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது. ஒருவருக்கும் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை, கப்பல்தான். நடுவில் நாலு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆனால் இலைகள் காலியாக இல்லை. எல்லா நம்பருக்கும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும் என்பது உத்தரவு. பரிமாறுகிறவர்கள் உத்தரவை மீறாதவர்கள். ஆளே இல்லாத நாலு இலைகளிலும் சோறு, பருப்பு, பொரியல், அப்பளம், வடை, பாயசம் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. என் வடையை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

எதிர்வரிசையில் அத்தையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் நால்வர். மாப்பிள்ளை தலையைக் குனிந்திருந்தார். அவருடைய அம்மா சாதத்தைப் பிசைந்த கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அந்த நாலு இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எலைய எடுத்துருங்க சாமி," என்று அவர் பரிமாறுகிறவரிடம் சொன்னது ஜன்னல்வரை கேட்டது.

"நம்பர் எலைங்க, எடுக்கப்படாதுங்க."

"இருக்கறவங்களுக்குப் போட்டதா, போனவங்களுக்குப் படைச்சதா? எம் மருமவ போயி ஒரு வருசம்தான் ஆவுது. அவளுக்கு எதுத்தாப்புல உக்காந்து சோறு திங்கற மாதிரி இருக்குது."

அந்த வரிசையில் எல்லாரும் ஒரு கணம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தம்மா எழுந்தார். எழும்போது இலையைத் தன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கம் மடித்தார். இழவு வீட்டில்தான் அப்படி மடிப்பது வழக்கம். எனக்கு அது தெரியாது. எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அப்பாவுக்குத் தெரியும். அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

அடுத்த பந்தியில் அட்டையை ஒருவரும் கேட்கவில்லை. கப்பல் அதற்குள் தரை தட்டியிருந்தது. எப்போதும் போல நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். அப்பாவும் அம்மாவும் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வடை இறங்கவில்லை. அத்தை இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் என்று அம்மா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

முதலாளி கோபித்துக்கொள்வார் என்று பயந்து நான்கு நாள் அப்பா அவர் கண்ணில் படாமல் திரிந்தார். ஐந்தாம் நாள் அவரே கட்டிங் டேபிளுக்கு வந்து, "உடுங்க மாஸ்டர், கப்பல்ல நானே லேட்டாப் போனவன்தானுங்க," என்று சொல்லிவிட்டார். புகையிலைக் காட்டுக்காரர் வேறிடத்தில் பெண் எடுத்தார். எல்லாம் முடிந்தது, என் பழி மட்டும் முடியவில்லை. ஒரு டம்ளர் காணோம் என்றாலும் "இவதான், அத்தை கல்யாணத்தையே தொலைச்சவளாச்சே," என்பாள் அம்மா. வீட்டில் என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள் அத்தை ஒருத்திதான். வாராவாரம் சம்பளத்தன்று எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்து, என் தலையை வாரிவிடுவாள்.

தைப்பொங்கலுக்கு அதே பச்சை ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். அதே கொக்கி மறுபடி பிய்ந்தது. அத்தை தையல் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். பச்சை நூல் சுற்றிய அட்டையை எடுத்து நூலை இழுத்தேன். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இழுக்க இழுக்க அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முதலில் மூன்று, பிறகு நான்கு. பின்பக்கம் திருப்பினேன். பயில்வானின் முழங்கை.

"அத்தை, நாப்பத்தி மூணுங்க!"

அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. சமையல்கட்டில் அம்மா பொங்கலைக் கிண்டும் சத்தம் கேட்டது. ஒரு கூப்பாடு போட்டால் போதும், ஐந்து மாதப் பழி என்னைவிட்டு இறங்கிவிடும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அத்தையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், அன்று அவசரத்தில் எந்த அட்டை என்று பார்க்காமல் நூலைச் சுற்றிவிட்டாள். தன் கையாலேயே தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டது தெரிந்தால் அம்மா இவளைச் சும்மா விடுவாளா? எனக்காவது திட்டு வாங்கிப் பழகிவிட்டது.

வாயை மூடிக்கொண்டேன். மிச்ச நூலை நம்பர்மேல் இறுக்கிச் சுற்றினேன். அது போதவில்லை. டப்பாவிலிருந்து கறுப்பு நூலை எடுத்து, ஒரு சிவப்புப் புள்ளிகூடத் தெரியாதபடி அதற்கு மேல் சுற்றி, டப்பாவின் அடியில் போட்டேன்.

"நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. நீங்க தெரியாமத்தானுங்களே சுத்துனீங்க?"

அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். என் வகிட்டில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. கை நழுவிப் போன மாப்பிள்ளையை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்கும் கண் கலங்கியது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாதீங்க அத்தை, அதைய விட நல்ல மாப்பளையா வருவாங்க," என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றினேன்.

அத்தை அழுகையின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். நான் இவ்வளவு செய்தும் சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.